வீடு வீடாகப் போய் ஆள் கேட்கும் ஹீரோ

கேள்வி: 1952-ல் வந்த ‘ஹை நூன்’ என்ற ஹாலிவுட் கௌபாய் படத்தை மனத்துணிவுக்கு உதாரணமாக இன்றும் ஏன் சொல்கிறார்கள்? ஹீரோ முக்கால்வாசிப் படம் உதவி கேட்டுத்தானே அலைகிறார், அதில் என்ன வீரம்?

நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை அதுதான் பதிலே. அவர் அலைவதால்தான் அந்தப் படம் இன்னும் பழசாகவில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோ பகுதியில் ஹாட்லிவில் என்று ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் மார்ஷல் வில் கேனுக்கு (கேரி கூப்பர்) கல்யாணம். மார்ஷல் என்றால் அந்த ஊருக்கு ஏட்டு, இன்ஸ்பெக்டர் எல்லாம் அவர்தான். மணப்பெண் ஏமி (கிரேஸ் கெல்லி) வன்முறையே கூடாது என்கிற குவேக்கர் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள், துப்பாக்கி என்றாலே ஆகாது. அவளுக்காக வேலையை விட்டு, சட்டையில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்றுகிற நேரத்தில் தந்தி வருகிறது. ஐந்து வருடத்துக்கு முன் கேன் பிடித்து உள்ளே அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி, பழிவாங்கப் பகல் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய மூன்று ஆட்கள் ஏற்கெனவே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். புது மார்ஷல் மறுநாள்தான் வருவார். ஊரே சேர்ந்து புதுமாப்பிள்ளையைக் குதிரை வண்டியில் ஏற்றி விரட்டாத குறையாக அனுப்புகிறது. பாதி வழியில் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார். படம் மொத்தமே 85 நிமிடம். கதை நடக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். திரையில் எங்கே பார்த்தாலும் ஒரு சுவர்க் கடிகாரம்.

திரும்பி வந்தவர் ஆள் சேர்க்கப் புறப்படுகிறார். அங்கேதான் படம் ஆரம்பிக்கிறது என்பேன்.

யாரும் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள், முக்கால்வாசி நியாயம்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் கல்யாணத்தை நடத்திவைத்த நீதிபதி, சுவரிலிருந்த கொடியையும் மேஜையிலிருந்த தராசையும் பையில் வைத்துக் கட்டிக்கொண்டே ஏதென்ஸ் நகரத்துப் பழங்கதை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். உதவியாளன் ஹார்வி, ‘அடுத்த மார்ஷல் பதவிக்கு என் பெயரைச் சொல்வதாக இருந்தால் நிற்கிறேன்’ என்று பேரம் பேசுகிறான். பழைய மார்ஷலுக்கு வயதாகிவிட்டது, கையெல்லாம் மூட்டுவலி. ‘என்னைக் காப்பாற்றப் பார்த்து நீ செத்துப்போவாய்’ என்கிறார். அது உண்மையும்கூட. மில்லர் இருந்தபோது வியாபாரம் நன்றாக இருந்தது என்று ஏங்குகிற ஹோட்டல் குமாஸ்தாவும் உண்டு. அவனை மட்டும்தான் எனக்குப் பிடிக்கும், மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறான்.

தேவாலயக் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேன் உள்ளே போய் ஆள் கேட்டதும் ஏழெட்டுப் பேர் எழுந்துவிடுகிறார்கள். உடனே ஒருவர், ‘இருங்கள், முதலில் பேசுவோம்’ என்கிறார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார்கள். போலீசுக்கு நாம் சம்பளம் கொடுக்கவில்லையா? அவனை விடுதலை செய்தது வடக்கே இருக்கிற அரசியல்வாதிகள்தானே, நாம் ஏன் சாக வேண்டும்? கடைசியில் ஊர்த்தலைவர் ஹெண்டர்சன் எழுந்து கேனை வானளாவப் புகழ்கிறார். இவரைப்போல் ஒரு மார்ஷல் நமக்குக் கிடைத்ததில்லை, நாம் எல்லாரும் இவருக்குக் கடன்பட்டவர்கள். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருகிறார். வடக்கே இருந்து நம் ஊரில் பணம் போட ஆட்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை என்று பேப்பரில் வந்தால் எல்லாம் போய்விடும், அதனால் வில், நீ கிளம்பிவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது. கேன் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார்: நன்றி. சொல்லிவிட்டு நடக்கிறார். கூட்டத்துக்குள் ஒரு விஷயம் போனால் என்ன ஆகும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

என்னை உலுக்கியது அதைவிடச் சின்னக் காட்சி. சாம் ஃபுல்லர் என்ற நண்பர் ஜன்னல் வழியாகக் கேன் வருவதைப் பார்த்துவிட்டு, ‘நான் வீட்டில் இல்லை என்று சொல்’ என மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே பதுங்குகிறார். அந்த அம்மாள் வாசலில் நின்று பொய் சொல்லத் திணறுகிறாள். கேனுக்குப் புரிந்துவிடுகிறது. அவர் போன பிறகு, ஒன்றுமே சொல்லாத மனைவியைப் பார்த்து ஃபுல்லர் சீறுகிறார்: நான் சாக வேண்டுமா, நீ விதவையாக வேண்டுமா?

பல வருடங்களுக்கு முன் ஒரு சின்னத் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஓவர்டைம் பணத்தில் கை வைத்தார்கள். முதலாளியிடம் நேராகப் போய்க் கேட்பது என்று முடிவானது. எங்களில் மூத்தவர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டீ குடிக்கும்போது ஒன்பது பேரும், “நீங்க முன்னாடி போங்கண்ணே, நாங்க பின்னாடியே இருக்கோம்” என்றோம். திங்கட்கிழமை காலை போக வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன், அப்போது லேண்ட்லைன்தான். நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். “குளிச்சிட்டிருக்காருன்னு சொல்லு” என்றேன் மனைவியிடம். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன குளியல்! அவரும் கேட்கவில்லை. மறுநாள் அவர் மட்டும் அறைக்குள் போனார். நான் லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபுல்லர் காட்சியை நான் பார்த்தது அதற்கு அப்புறம்தான்.

சரி, வீரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இருக்கிற ஆட்சேபம் ரொம்பப் பழையது. ‘உருப்படியான ஷெரிஃப் கோழிமாதிரி ஓடி ஓடி உதவி கேட்பானா’ என்ற கடுப்பில் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், நடிகர் ஜான் வெய்னை வைத்து 1959-ல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார். அதில் ஷெரிஃப் கத்துக்குட்டிகளின் உதவி வேண்டாம் என்கிறார், உதவி தானாகத் தேடி வருகிறது. அதுவும் நல்ல படம்தான், ஜாலியாகப் பார்க்கலாம். ஆனால் உதவி தானாக வருகிற ஊரில் தைரியமாக இருப்பதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. கேனுக்கு வியர்க்கிறது. லாயத்தில் ஒரு குதிரையைப் பார்த்தபடி ஓடிவிடலாமா என்று யோசிக்கிறார். எல்லாரும் கைவிட்ட பிறகு ஹெர்ப் என்பவர் வருகிறார், காலையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். வேறு யாருமே வரவில்லை என்றதும் அவர் முகம் மாறுகிறது, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். ‘பிள்ளைகளிடம் போ, ஹெர்ப்’ என்று அனுப்பிவிட்டு, கேன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். பிறகு உயில் எழுதுகிறார். கூப்பருக்கு அப்போது வயது ஐம்பது. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிற மாதிரி ஒளிப்பதிவு, வானம்கூட வெளிறிப்போய்த்தான் இருக்கும். பயம் இல்லாதவன் மாதிரி நடித்திருந்தால் இதில் பார்க்க என்ன இருக்கிறது?

திரைக்கு வெளியே நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. எழுதிய கார்ல் ஃபோர்மன் ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். படப்பிடிப்பு நடந்த 1951 செப்டம்பரில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. கூட இருந்தவர்களின் பெயரைச் சொன்னால் தப்பிக்கலாம். அவர் சொல்லவில்லை. தொழில் கூட்டாளி ஸ்டான்லி கிரேமர் விலகினார், ஹாலிவுட்டில் இனி யாரும் வேலை தரக்கூடாதவர்கள் என்ற கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, ஃபோர்மன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கூப்பர் அரசியலில் இவருக்கு நேர் எதிர்ப்பக்கம், ஆனாலும் இவரை மதித்தார். இவர் தொடங்கும் நிறுவனத்தில் சேர்வதாகவும் இருந்தார். நெருக்கடி வந்ததும் அவரும் விலகினார். கேனாக நடித்தவரே கடைசியில் ஹெர்ப் நிலைமைக்கு வந்துவிட்டார், பாருங்கள். இதே ஃபோர்மன்தான் பெயர் போடாமல் ‘குவாய் நதிப் பாலம்’ திரைக்கதையிலும் வேலை செய்தார், இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தார்களே, அந்தப் படம். அதற்கான ஆஸ்கர் அவர் இறந்த பிறகு, 1984-ல்தான் அவர் பெயருக்கு வந்தது.

ஜான் வெய்னுக்கு ‘ஹை நூன்’ கடைசிவரை ஆகவில்லை. ஆஸ்கர் விழாவில் கூப்பருக்குப் பதிலாக விருதை வாங்கிக்கொண்டவரே அவர்தான் என்பது வேறு விஷயம். 1971-ல் ஒரு பேட்டியில், வாழ்நாளிலேயே இவ்வளவு அமெரிக்க விரோதமான படத்தைப் பார்த்ததில்லை என்றார். கேன் நட்சத்திரத்தைக் காலில் போட்டு மிதிப்பதாகவும் சொன்னார். அப்படி ஒரு காட்சியே கிடையாது. 1989 ஜூன் 4 தேர்தலுக்குப் போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி இயக்கம் போட்ட சுவரொட்டியில் கூப்பர்தான் நடந்து வருகிறார், கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு. ஆளாளுக்கு ஒரு கேன் கிடைத்துவிடுகிறார்.

முடிவு தெரிந்ததுதான். நான்கு பேரும் சாகிறார்கள், அதில் ஒருவனை ஏமி தன் கொள்கையை மீறி முதுகில் சுடுகிறாள். (அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று படம் ஒரு நிமிடமாவது நின்று பார்த்திருக்கலாம், அது ஒரு குறைதான்.) சண்டை ஓய்ந்ததும் அதுவரை காலியாகக் கிடந்த தெரு நிறைகிறது. கேன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நட்சத்திரத்தைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டு வண்டியேறிவிடுகிறார்.

எங்கள் அண்ணன் அந்த மாதமே வேலையை விட்டார். மூன்று வருடம் கழித்து மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கே வந்தார், என் மனைவிதான் கதவைத் திறந்தாள். ஒன்பது பேரையும் கூப்பிட்டிருந்தார். பந்தியில் அவரே பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தார். எனக்குப் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன். “வைங்க தம்பி” என்று கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.