நாலு பக்கமும் 12 அடி, அப்புறம் ஏன் டைல்ஸ் கோணல்?

கேள்வி: எங்கள் படுக்கையறை நாலு பக்கமும் சரியாக 12 அடி. ‘ரெண்டுக்கு ரெண்டு’ டைல்ஸ் 36 வாங்கினோம். ஒட்டாமல் பரப்பிப் பார்த்தால் ஓரத்தில் இடைவெளி விழுகிறது. அதுவும் ஒரு முனையில் 2 அங்குலம் கூடுதல். மேஸ்திரி, “ரூம் மூலைமட்டத்துல இல்ல, சதுரமா வராது” என்கிறார். ஆனால் கூலிக் கணக்கில் “ஒன்றரைச் சதுரம்” என்று எழுதியிருக்கிறார். எது உண்மை?

பதில்: இரண்டுமே. காலித் தீப்பெட்டியின் மேலுறையை எடுத்து, ஒரு மூலையில் விரலால் லேசாக அழுத்துங்கள். பக்கங்களின் நீளம் அப்படியே இருக்கும், உறை மட்டும் சாயும். உங்கள் அறையும் அப்படிச் சாய்ந்ததுதான்; மூலைமட்டத்தில் இல்லை என்றால் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள். டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடியுங்கள். அசல் சதுரமாக இருந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக, 17 அடிக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். உங்களுக்கு ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 3 அங்குலம் வித்தியாசம் வரும்.

இடைவெளிக்குக் காரணம் வேறு. கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று விற்பது 600 மில்லிமீட்டர். 2 அடி என்பதோ 609.6. ஆறு டைலுக்குள் 2 அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. அந்த ஒல்லித் துண்டை ஓரத்தில் ஒட்டினால் கோணல் பளிச்சென்று தெரியும்.

சுவரோரம் தொடங்காதீர்கள். அறையின் நடுவில், வாசல் சுவருக்கு இணையாக ஒரு நூல் கட்டி, அதற்குக் குறுக்கே இன்னொன்று. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறிகளுக்கு நடுவே 5 அடி இருக்க வேண்டும், அப்போதுதான் மூலைமட்டம். நூல்கள் வெட்டும் இடத்தில் ஒரு டைலின் மையம் வரட்டும். வரிசைக்கு ஐந்து முழு டைல், இரு ஓரமும் அடிக்குச் சற்று மேல் அகலத் துண்டு. அவ்வளவு அகலத்தில் அந்த 2 அங்குலக் கோணல் கண்ணில் உறுத்தாது. கட்டிலும் பீரோவும் வேறு மறைத்துவிடும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: துண்டு அரை டைலைத் தாண்டுவதால் ஒரு டைலில் ஒன்றுதான் கிடைக்கும். 36 போதாது, 49 வேண்டும், உடைசலுக்கு இரண்டு மூன்று கூட.

மேஸ்திரியின் ‘சதுரம்’ வடிவம் அல்ல, அளவு: 100 சதுர அடி. எந்த வடிவ அறைக்கும் அதே கணக்குதான். உங்களுடையது 144, அதாவது 1.44 சதுரம். ஒன்றரை என்று எழுதி 6 சதுர அடி கூட்டியிருக்கிறார். இத்தனை வெட்டு வேலைக்கு நானாக இருந்தால் பேரம் பேச மாட்டேன்.