கேளுங்கள், சொல்கிறேன்: புதுச்சேரிக்கு வாக்கெடுப்பு, கோவாவுக்குப் பட்டாளம். ஏன்?

கேள்வி: எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். நாடுகளுக்கு இடையிலான உறவை விளக்கும் யதார்த்தவாதம், தாராளவாதம், கன்ஸ்ட்ரக்டிவிசம் மூன்றையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறேன். ஆனால் இவற்றில் எது சரி என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: மனப்பாடத்தை ஓரமாக வையுங்கள், அம்மா. ஒரு விடுமுறை நாளில் வில்லியனூர் பக்கம் கீழூருக்குப் போய் அங்குள்ள நினைவிடத்தைப் பாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் ஓட்டுப் போட்ட இடம் அது. இந்தியாவோடு இணையலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. நீங்கள் படிக்கும் மூன்று கோட்பாடுகளையும் இந்த ஒரு சம்பவத்தில் உரசிப் பார்க்கலாம்.

யதார்த்தவாதி என்ன சொல்வார்? நாடுகளுக்கு மேலே தட்டிக்கேட்க ஓர் அரசு கிடையாது, அவரவர் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு, ஆகவே கடைசியில் பலம்தான் பேசும் என்பார். புதுச்சேரிக்கு இது பொருந்துகிறது. கடலை விட்டால் சுற்றிலும் இந்திய மண். எல்லையில் இந்திய அரசு சுங்கக் கெடுபிடியை இறுக்கியது. அதே 1954 மே மாதம் வியட்நாமில் தியென் பியென் பூ கோட்டை பிரான்சின் கையை விட்டுப் போயிருந்தது. தாக்குப்பிடிக்கத் தெம்பு இல்லை, கிளம்பிவிட்டார்கள்.

அப்படியானால் கோவா? அதை ஆண்ட போர்ச்சுகல் பிரான்சைவிடப் பலம் குறைந்த நாடு. பலம்தான் கணக்கு என்றால் அதுதான் முதலில் மூட்டை கட்டியிருக்க வேண்டும். இரண்டு நாடுகளும் நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியின் உறுப்பினர்கள். நேட்டோ ஒப்பந்தத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் இரண்டின் இந்தியப் பகுதிகளுமே வரவில்லை. ஆனாலும் 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே போகும்வரை போர்ச்சுகல் நகரவில்லை. இந்த இடத்தில் யதார்த்தவாதம் திணறுகிறது.

தாராளவாதி நாட்டின் உள்ளே பார்க்கச் சொல்வார். பிரான்சில் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு. அப்போதைய பிரதமர் மென்டெஸ் பிரான்ஸ் பேச்சுவார்த்தையில் நம்பிக்கை வைத்தவர். போர்ச்சுகலில் சலாசரின் சர்வாதிகாரம். நல்ல விளக்கம்தான். 1974 ஏப்ரலில் அந்தச் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அதே பிரான்ஸ், அதே பிரதமர். இங்கே கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே படையை அனுப்பினார்கள். ஏனென்றால் அல்ஜீரியாவை அவர்கள் காலனி என்று நினைக்கவில்லை, பிரான்சின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். அங்கே ஐரோப்பியக் குடியேறிகளும் ஏராளம். சலாசரும் கோவாவை அப்படித்தான் பார்த்தார். 1951லேயே காலனிகளுக்குக் ‘கடல்கடந்த மாகாணங்கள்’ என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஒரு நாடு தன்னை யாரென்று நினைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் நலன் எது என்பதும் முடிவாகிறது என்பது கன்ஸ்ட்ரக்டிவிசம். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் அதற்குத்தான் கூடுதல் மார்க் போடுவேன். 1956இல் கையெழுத்தான புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தம் அல்ஜீரியப் போர் ஓய்ந்த 1962 வரை பாரிசில் ஏன் கிடப்பில் கிடந்தது என்பதும் இப்போது உங்களுக்கே விளங்கும். கீழூரில் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுவது அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1962ஆம் ஆண்டை நினைத்துத்தான்.

அடுத்த தேர்வில் மூன்று விளக்கங்களையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: அதிகாரச் சமநிலை என்றால் என்ன? நம் ஊர்க் கோட்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: எந்த ஒரு நாடும் மற்றவர்களை விழுங்கும் அளவுக்குப் பெருத்துவிடாமல் மற்ற நாடுகள் கூட்டுச் சேர்ந்து தடுப்பதுதான் அதிகாரச் சமநிலை. தொடர்பு நிறையவே உண்டு. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் உங்கள் புனித டேவிட் கோட்டைக்குத்தான் மாறியது. இரண்டே ஆண்டில் ஐரோப்பாவில் சமாதானம். கனடாவில் ஆங்கிலேயர் வசம் இருந்த லூயிபூர்க் கோட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பிரான்ஸ் சென்னையைத் திருப்பிக் கொடுத்தது. தராசு ஐரோப்பாவில் இருந்தது, நாம் எடைக்கல்.

1783இல் நடந்தது இன்னும் கொடுமை. பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைக் காக்க, ஆங்கிலேயர் முற்றுகை போட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்பாடு ஆகிவிட்டது. ஆனால் செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆனது. அதற்குள் கடலிலும் கரையிலும் எத்தனையோ உயிர்கள் வீணாகப் போயிருந்தன. செய்தி வந்ததும் பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்திக்கொண்டார்கள். மைசூரின் திப்பு தனித்து நின்று போரிட்டு, 1784 மார்ச்சில்தான் மங்களூரில் உடன்படிக்கை செய்தார். பெரிய நாட்டோடு கூட்டு வைக்கும் சிறிய நாடுகள் அன்றும் இன்றும் அஞ்சுவது இதற்குத்தான்.

கேள்வி: பகை நாடுகள் இரண்டுமே ‘தற்காப்புக்குத்தான் ஆயுதம்’ என்கின்றன. யார் சொல்வது பொய்?
– இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

பதில்: இருவரும் உண்மையே சொல்லலாம் என்பதுதான் இதில் உள்ள துயரம். என் தற்காப்பு உங்கள் கண்ணுக்குத் தாக்குதலாகத் தெரியும், நீங்களும் ஆயுதம் சேர்ப்பீர்கள், அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடும். பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். 1998 மே மாதம் இந்தியா அணுகுண்டு சோதித்தது, அதே மாதம் பாகிஸ்தானும் சோதித்தது. அதே இரு நாடுகள்தான் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, அந்த நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற உடன்பாட்டின்படி. இக்கட்டிலிருந்து இறங்கச் சின்னப் படிகள் உண்டு.

கேள்வி: இலங்கைக் கடற்படை எங்கள் ஆட்களைப் பிடித்துப்போகிறது. சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் என்ன?
– விசைப்படகுத் தொழிலாளி, காரைக்கால்

பதில்: உங்கள் வேதனை புரிகிறது, ஐயா. ஹேக் நகரில் உள்ள அந்தச் சர்வதேச நீதிமன்றம் நம் ஊர் கோர்ட் மாதிரி சம்மன் அனுப்பி எதிராளியை இழுத்துவர முடியாது. இரு நாடுகளும் சம்மதித்தால்தான் விசாரணை. அதன் அதிகாரத்தை ஏற்கும்போதே, காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுகளுக்கு அது பொருந்தாது என்று இந்தியா விலக்கு வைத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. இதே விலக்கைக் காட்டித்தான் இந்தியா மீது பாகிஸ்தான் போட்ட வழக்கு 2000இல் எடுபடாமல் போனது. நமக்கு அன்று உதவிய கதவு, உங்களுக்கும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறது.

கடல் எல்லை 1974, 1976 உடன்பாடுகளில் முடிவானது. இரண்டும் அரசுகள் பேசிக்கொண்டவை. ஆனால் இதை டில்லி, கொழும்பு விவகாரமாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எதிர்க்கரையில் வலையை இழந்து நிற்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். நம் விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியோடு இழுக்கும் வலை) கடலடியை வழித்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் புகார். இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. ஆகவே கைதானவர்களையும் படகுகளையும் விடுவிக்கக் கேட்கும்போதே, இழுவை மடியை விட்டு வேறு தொழில்முறைக்கு மாற அரசிடம் போதிய பணம் கேளுங்கள். இரு கரை மீனவர் சங்கங்களும் முன்பு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. அந்தப் பேச்சை மறுபடி தொடங்கச் சொல்லி உங்கள் பஞ்சாயத்தார் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.