வீராணம் பெரிதா, வெலிங்டன் பெரிதா?

கடலூர் மாவட்டத்தில் பெரிய ஏரி எது என்றால் பலரும் வீராணம் என்பார்கள். கரையோரம் பஸ்ஸில் போனால் தண்ணீர் முடியவே முடியாது, அப்படித்தான் தோன்றும். ஆனால் கொள்ளளவு என்பது பரப்பு அல்ல. ஏரி நிரம்பினால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற கணக்கு. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு குடம். மில்லியன் என்றால் பத்து லட்சம்.

வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி; திட்டக்குடி பக்கம் உள்ள வெலிங்டன் ஏரிக்கு 2,580. காரணம் ஆழம்தான். தாம்பாளம் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் வழிந்துவிடும் இல்லையா? வண்டல் சேரச் சேர அந்தத் தாம்பாளம் இன்னும் தட்டையாகும்.

அப்புறம், செய்திகளில் வரும் வீராணத்தின் 47.5 அடி அதன் ஆழமல்ல. கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் நீர்மட்டம்.