நியோஃபோர்ஜே 137 காட்டி நின்றால் ஹீப்பைக் கூட்டாதீர்கள்

கேள்வி: டாக்கரில் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) நியோஃபோர்ஜே (Neo4j) என்ற கிராஃப் டேட்டாபேஸை ஓட்டுகிறேன். கன்டெய்னருக்கு 3 ஜிபி நினைவக வரம்பு. அதில் ஹீப் (ஜாவா புரோகிராம் வேலை செய்யும் நினைவகம்) 2 ஜிபி, பேஜ் கேஷ் (டிஸ்க்கில் உள்ள டேட்டாவை வேகமாகப் படிக்க வைத்திருக்கும் நினைவகம்) 1 ஜிபி. பெரிய குவெரி ஓடினால் எக்சிட் கோட் 137 காட்டி நின்றுவிடுகிறது. ஹீப்பைக் கூட்டலாமா? நேற்று கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பினேன், டேட்டாவும் காணவில்லை.

பதில்: முதலில் டேட்டா. அது இன்னும் சர்வரில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதனால் தேடி முடிக்கும்வரை, பயன்படாத வால்யூம்களை (கன்டெய்னருக்கு வெளியே டேட்டாவை வைக்கும் இடங்கள்) அழிக்கும் வால்யூம் ப்ரூன் கட்டளையைத் தொடவே வேண்டாம். நீங்கள் வால்யூம் தராவிட்டாலும் நியோஃபோர்ஜே இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) தன் டேட்டா கோப்புறைக்குப் பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கன்டெய்னரை மட்டும் அழித்திருந்தால் அந்த வால்யூம் போகாது. வால்யூமையும் சேர்த்து அழிக்கும் விருப்பத்தைக் கொடுத்திருந்தால் போயிருக்கும். வால்யூம் பட்டியலில் நீளமான எழுத்தும் எண்ணுமாக இருப்பவற்றை, உருவான தேதி பார்த்துச் சோதியுங்கள். கிடைத்தால் அதையே டேட்டா கோப்புறையில் மவுன்ட் செய்து (இணைத்து), அதே பழைய பதிப்பில் எழுப்புங்கள். பாஸ்வேர்டும் பழையதுதான்: சூழல் மாறியில் கொடுக்கும் பாஸ்வேர்டு காலி டேட்டாபேஸுக்கு மட்டுமே செல்லும். உள்ளே வந்ததும், சர்வரை நிறுத்தி ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, பெயருள்ள வால்யூமுக்கு மாற்றிவிடுங்கள். இலவசமான கம்யூனிட்டி பதிப்பில் ஓடும்போதே பேக்கப் எடுக்க வழியில்லை.

சரி, 137. ஹீப் நிரம்பினால் ஜாவா தானே பிழை எழுதும், அது லாகில் தெரியும். 137 என்பது வெளியிலிருந்து கொல்லப்பட்டதன் அடையாளம். கன்டெய்னரின் விவரம் காட்டும் டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையில் 'ஓஓஎம் கில்ட்' (OOMKilled, நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்பது ட்ரூ என்றிருந்தால் கன்டெய்னர் மொத்த வரம்பைத் தாண்டியதால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கொன்றிருக்கிறது. உங்கள் கணக்கில் ஹீப்பும் பேஜ் கேஷுமே 3 ஜிபியை முழுக்க எடுத்துக்கொள்கின்றன. ஜாவாவை இயக்கும் ஜேவிஎம்முக்கும், த்ரெட்களுக்கும், இண்டெக்ஸ் படிக்கும் லூசீன் என்ற தேடல் நூலகத்துக்கும் தனி நினைவகம் வேண்டும். ஹீப்பைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும். ஹீப் 1 ஜிபி (தொடக்கமும் உச்சமும் ஒன்றே), பேஜ் கேஷ் 1 ஜிபி என்று வைத்து மீதியை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு பரிவர்த்தனைக்கான நினைவக உச்சத்தையும் அமைத்தால், அந்தக் குவெரி மட்டும் பிழையோடு நிற்கும், சர்வர் தப்பும். குவெரியை ப்ரொஃபைல் செய்து 'கார்ட்டீசியன் ப்ராடக்ட்' (ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் மறுபக்கத்தின் ஒவ்வொரு வரியோடும் சேர்ப்பது) வருகிறதா என்றும் பாருங்கள். என் கணிப்பில் உண்மையான குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

ஓஓஎம் ஃபால்ஸ் என்று இருந்தால் வேறு கதை. டாக்கர் ஸ்டாப் 10 விநாடிதான் பொறுக்கும், அதற்குள் டேட்டாபேஸ் மூடாவிட்டால் அதுவும் 137தான். நிறுத்தும் அவகாசத்தை 2 நிமிடமாக்குங்கள்.