வெட்டாமல் ஊன்றுங்கள்: ஸ்பைடர் பிளான்ட் குட்டிகள் பிழைக்க

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி வீடு. பால்கனியில் தொங்கும் ஸ்பைடர் பிளான்ட் (நீள இலை அழகுச்செடி) கொடி நுனிகளில் ஏழெட்டுக் குட்டி விட்டிருக்கிறது. நான்கை வெட்டி பாட்டில் தண்ணீரில் வைத்தேன், வேர் நன்றாக வந்தது. மண்ணுக்கு மாற்றியதும் நுனி கருகி மூன்று போய்விட்டன. ஊற்றுவது போர் தண்ணீர். எங்கே தப்பு?

பதில்: முதல் சந்தேகம் அந்தப் போர் தண்ணீர்மேல்தான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை ஊரறிந்தது. உங்கள் பகுதியிலும் பல தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். இந்தச் செடிக்கு உப்பு ஆகாது, இலை நுனி உடனே காட்டிக்கொடுத்துவிடும். தாய்ச்செடி தடித்த கிழங்கு வேரில் தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சமாளிக்கும். குட்டியிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதற்கு மெட்ரோ வாட்டர் (குழாயில் வரும் குடிநீர்) ஊற்றுங்கள். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரும் நல்லது, அதில் உப்பு இருக்காது.

இன்னொன்று, தண்ணீரில் வளர்ந்த வேர் சட்டென்று ஒடியும், மண்ணுக்குப் பழகவும் திணறும். நீளட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு அங்குலத்திலேயே மாற்றியிருக்கலாம். பாட்டிலில் அடிப்பகுதி மட்டும் நனைய வேண்டும், இலை முங்கினால் அழுகும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கொசுப்புழு வளரும், வீடு வீடாகப் பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர்களிடம் பேச்சு வாங்குவீர்கள்.

என்னைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம். குட்டியின் அடியைப் பாருங்கள், சின்னச் சின்னதாக முண்டு தெரியும். அதுதான் வேர் முளை. தாய்த்தொட்டியை இறக்கி ஒரு ஸ்டூலில் வையுங்கள். பக்கத்தில், அடியில் துளையுள்ள சின்னத் தொட்டி. செம்மண்ணோடு மண்புழு உரம் கொஞ்சம், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம். கோகோ பீட் கட்டியிலும் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். குட்டியை மண்மேல் உட்காரவைத்து, கொண்டை ஊசியை வளைத்துக் குத்திவிடுங்கள். தாயோடு சேர்க்கும் கொடியை வெட்டாதீர்கள். தொப்புள்கொடி மாதிரி அது வழியாகத் தாயிடமிருந்து தண்ணீரும் சத்தும் வந்துகொண்டிருக்கும், வேர் பிடிக்கும்வரை குட்டி வாடாது. மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் கத்தரிக்கோலை எடுத்துக் கொடியை வெட்டலாம்.

வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் கூடாது. மண் சொதசொதவென்று இருக்கக்கூடாது.

சரி, மிஞ்சிய அந்த ஒன்று? கருகிய நுனியை நறுக்கிவிட்டு, அடித்துளை வழியாக ஓடுமளவு நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணை ஒருமுறை கழுவுங்கள். ஐப்பசி மழை நேரமென்றால் வெளியே வைத்தாலே போதும்.

அப்புறம், கொடியில் வெள்ளைப் பூ பூத்து விதை கட்டினால் அதை நம்பி விதைக்காதீர்கள். வெள்ளைக் கோடு போட்ட செடியின் விதை பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். கோடு வேண்டுமானால் குட்டிதான்.