சம்பளச் சீட்டில் யார் பெயர்?

வாசகர் கேள்வி–பதில்: குளிர்பான நிறுவன வேலை குறித்துத் திருநெல்வேலிப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு முடித்திருக்கிறான். ஒரு பெரிய குளிர்பான நிறுவனத்தின் ஆலையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த இருவரை விசாரித்தேன். ஒருவர் 'அரசாங்க வேலைக்குச் சமம்' என்கிறார். மற்றவர் 'ஆறு மாதம் தாங்கவில்லை' என்கிறார். யாரை நம்புவது?
— ஒரு தந்தை, மானூர்

பதில்: இருவரையும் நம்பலாம். ஒரே வாசல் வழியாக உள்ளே போய் வந்தவர்கள் என்றாலும், அவர்கள் இருவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்திருக்க வாய்ப்பில்லை. பாட்டிலின் மேல் அச்சாகியிருப்பது ஒரு நிறுவனத்தின் பெயர். உரிமம் பெற்று அதை நிரப்பும் ஆலையை நடத்துவது பல இடங்களில் வேறொரு நிறுவனம். அந்த ஆலைக்குள் பெட்டி கட்டவும், ஏற்றி இறக்கவும், துப்புரவு செய்யவும் ஆள் அனுப்புபவர் ஒப்பந்தக்காரர். சரக்கைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பவர் விநியோகஸ்தர். இந்த நால்வரிடமும் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊருக்கு வந்தால் அந்தப் பெரிய பெயரைச் சொல்லித்தான் 'அங்கே வேலை பார்க்கிறேன்' என்பார்கள். நிறுவனத்தின் நேரடிப் பட்டியலில் இருப்பவருக்குப் போனஸ், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, பேருந்து வசதி, மலிவு விலை உணவகம் என்று பலவும் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் நின்று அதே இயந்திரத்தைத் தொடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவற்றில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

வேலையின் தன்மையையும் தங்கள் மகன் தெரிந்துகொண்டு போவது நல்லது. சோதனைக் குழாய் அளவில் வரும் பிளாஸ்டிக் குழலைச் சூடாக்கி, காற்றை ஊதி பாட்டிலாக்குவது முதல், கழுவி, நிரப்பி, மூடியிட்டு, தேதி அச்சடித்து, கட்டு கட்டி அடுக்குவது வரை எல்லாம் ஒரே தொடராக ஓடும். கரியமில வாயு குளிர்ந்த திரவத்தில்தான் நன்றாகக் கரையும் என்பதால் பானத்தைக் குளிரவைத்தே நிரப்புவார்கள். நிரப்பும் கூடம் எப்போதும் ஈரமாக இருக்கும். இரைச்சலும் அதிகம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த வரம்பு. காதடைப்பான் கொடுத்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சுவையிலிருந்து இன்னொரு சுவைக்கு மாறும்போது குழாய்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவுவார்கள். பல ஆலைகளில் குளிரூட்டலுக்கு அம்மோனியா பயன்படுகிறது. இவ்விரண்டையும் பற்றிய பாதுகாப்புப் பயிற்சி முதல் வாரத்திலேயே தரப்படுகிறதா என்பதை வைத்தே அந்த ஆலையை எடைபோட்டுவிடலாம்.

மாசியிலிருந்து ஆனி வரை சீசன். அப்போது வார விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. லைன் ஒன்று நின்றுபோனால் மேலாளர் முதல் லோடுமேன் வரை எல்லோருடைய கண்ணும் பிட்டரின் கையின் மேல்தான் இருக்கும். 'தாங்கவில்லை' என்று சொன்னவர் இந்த நெருக்கடியைத்தான் சொல்லியிருப்பார். ஆனால், இதே நெருக்கடிதான் தொழிலையும் கற்றுத்தருகிறது. அதிவேக நிரப்பு இயந்திரத்தில் இரண்டு சீசன் கை நனைத்த பிட்டரைப் பால் பண்ணையும் மருந்து ஆலையும் உணவுப்பொருள் ஆலையும் விரும்பி எடுத்துக்கொள்ளும்.

ஆகவே போகலாம் என்பதே என் கருத்து. போவதற்கு முன்பு நியமன ஆணையைக் கையில் வாங்கி, அதில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, தங்கள் மகனைத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறார்களா, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியான தொழில் பழகுநர் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழகுநருக்கு உதவித்தொகைதான் உண்டு. வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடும் கிடையா. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன என்பதால், 'அதெல்லாம் பிறகு தருகிறோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு குளிர்பான ஆலையில் சீசனுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகிறேன். மாசியில் கூப்பிட்டு ஆனி தொடக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். சென்ற வருடம் டைபாய்டு வந்து படுத்தபோது மருந்து கொடுத்தார்கள். விடுப்புப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். ஏன்?
— ஒரு வாசகி, கயத்தாறு

பதில்: தங்களைப் போன்ற சீசன் தொழிலாளர் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கிவிழுகிறார்கள். மருத்துவம் வேறு, நோய்க்கால உதவித்தொகை வேறு. நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும் அந்த உதவித்தொகைக்கு, ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவர் உரிய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டவராக இருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. தாங்கள் பிப்ரவரி நடுவில் சேர்ந்து ஜூன் நடுவில் நின்றால், நான்கு மாதம் உழைத்திருந்தாலும், மார்ச் 31 என்ற கோடு அந்த உழைப்பை இரண்டாக வெட்டிவிடுகிறது. இந்தப் பக்கமும் 78 தேறாது, அந்தப் பக்கமும் தேறாது. சீசனைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்பட்ட விதி இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜூன் மாதம் முழுவதும், முடிந்தால் ஜூலை முதல் வாரமும் வேலை தரும்படி கேளுங்கள். கிடங்கு கழுவுதல், இயந்திரப் பராமரிப்பு என்று சீசன் முடிந்த பிறகும் ஆலையில் வேலை இருக்கும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணி 78ஐத் தாண்டிவிட்டால், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை தங்களுக்கு அந்த உரிமை கிடைக்கும். அத்துடன், தங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று காப்பீட்டு எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு விநியோகஸ்தரிடம் குளிர்பான விற்பனையாளனாக இருக்கிறேன். கடைகளில் தேதி முடிந்து திரும்பிவரும் சரக்கின் விலையை என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இலக்கு எட்டாத மாதத்தில் ஊக்கத்தொகையும் இல்லை. இது முறைதானா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலக்கு எட்டினால்தான் ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். அதைச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. திரும்பிய சரக்குக்குச் சம்பளத்தைப் பிடிப்பது அப்படியல்ல. தங்களை நம்பி ஒப்படைத்த பொருள் தங்களுடைய கவனக்குறைவால்தான் நட்டமானது என்றால் மட்டுமே, அதுவும் தங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே, பிடித்தம் செய்யலாம் என்பது ஊதியச் சட்டத்தின் நெடுநாள் நெறி. அண்ணாச்சி கடையில் விற்காமல் கிடந்த பெட்டி தங்கள் கவனக்குறைவு ஆகாது. இலக்கை எட்டிக் காட்டுவதற்காக மாதக் கடைசியில் கடையில் திணிக்கப்பட்ட பெட்டி என்றால் அந்தத் தவறு திணிக்கச் சொன்னவரையே சேரும். பிடித்த தொகையை ஒவ்வொரு மாதமும் தேதியோடு குறித்துவைத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

இலக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் விழும். குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சுக்குக் காபிக்கும் சுடச்சுட பஜ்ஜிக்கும் நிற்குமே தவிர, பிரிட்ஜைத் திறக்கச் சொல்லாது. ஆனால், வேறோர் ஊரில் அமர்ந்து போடப்படும் இலக்குப் பட்டியலில் 'சுற்றுலாத் தலம், கூட்டம் அதிகம்' என்று கண்டு அளவை ஏற்றிவிடுகிறார்கள். சென்ற இரண்டு ஆண்டுகளின் மாதவாரி விற்பனையை எழுதிக் காட்டி, சாரல் மாதங்களுக்கு வேறு இலக்கு கேட்டுப் பாருங்கள். வாய்ப்பேச்சைவிட எண்கள் அங்கே செல்லும்.

கேள்வி: குளிர்பான ஆலைத் தொழிலாளர்களுக்குக் குடிக்க இலவசமாகக் கொடுப்பார்களாமே?
— ஒரு மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: சில ஆலைகளில் கொடுப்பதுண்டு. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலவசத்தை விட்டுவிட்டு மோர் கேட்கலாம்.

கேள்வி: தாமிரபரணித் தண்ணீரை எடுக்கும் குளிர்பான ஆலையில் வேலைக்குச் சேர்ந்த என்னை நண்பர்கள் 'ஆற்றை விற்றவன்' என்று கேலி செய்கிறார்கள். நான் செய்தது தவறா?
— ஓர் இளைஞர், பாளையங்கோட்டை

பதில்: ஆற்றைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதைத் தங்களிடம் கேட்பது நியாயமன்று. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தருவது பற்றிய விவாதம் நெடுநாளாக நடப்பது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கியது. அதே மார்ச் முதல் தேதியிலிருந்து வணிகர் சங்கங்கள் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. எவ்வளவு நீர், எந்த விலையில், பாசனத்துக்குப் போக மீதி உண்டா என்ற வினாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அரசும் நிறுவனமும். விவசாயி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தாங்கள் வேலை தேடியதிலும் நியாயம் இருக்கிறது.

1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்றார்கள். அது வெள்ளைக்காரர் ஆலை. நின்றவர்களோ சுதேசியம் பேசியவர்கள். அங்கே ஏன் வேலைக்குப் போனாய் என்று அவர்கள் தொழிலாளியைப் பழிக்கவில்லை, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்கச் சொன்னார்கள். நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே குளிர்பான ஆலையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். இடையில் இரண்டு முறை ஒப்பந்தக்காரர் மாறினார். வேலையும் இடமும் மாறவில்லை. இப்போது விலகும்போது 'யாரிடமும் ஐந்து ஆண்டு முடிக்கவில்லை, பணிக்கொடை கிடையாது' என்கிறார்கள்.
— ஒரு வாசகர், தாழையூத்து

பதில்: அவர்கள் சொல்வதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். பணிக்கொடை சிறு தொகையன்று: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஓர் ஆண்டுக்கு 7,500, ஆறு ஆண்டுக்கு 45,000 ரூபாய். ஒப்பந்தக்காரர் மாறியது ஏட்டில் மட்டுமே, தாங்கள் இடைவெளியின்றி அதே இடத்தில் அதே வேலையைச் செய்தீர்கள் என்று காட்ட முடிந்தால் வாதாடுவதற்கு இடமுண்டு. அதற்குச் சான்றுகள் வேண்டும். வைப்பு நிதிக் கணக்கு எண் ஒன்றே தொடர்ந்திருந்தால், மாதந்தோறும் யார் பணம் கட்டினார்கள் என்று அந்தக் கணக்கேட்டில் வரிசையாக இருக்கும்; அதைப் பதிவிறக்கி அச்செடுங்கள். ஆலை நுழைவு அட்டை, ஷிப்ட் பட்டியலின் படம், சம்பளம் வரவான வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பணிக்கொடை கோரும் விண்ணப்பத்தை விலகிய 30 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ, அஞ்சல் ரசீதோடு தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் முறையிடலாம்.