பிரிக்ஸ்டன் கவுன்சிலராகத் தொடங்கிய ஜான் மேஜர்

கேள்வி: பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் ஒருவர் உள்ளூர் கவுன்சிலராக இருந்து நாடாளுமன்றத்துக்குப் போவது எப்படி நடக்கிறது? கவுன்சிலர் அனுபவம் அங்கே போன பிறகு உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது, ஆனால் கவுன்சிலில் அவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து. பெயருக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜான் மேஜர். 1990 முதல் 1997 வரை பிரதமராக இருந்தவர். முன்னால் மார்கரெட் தாட்சர், பின்னால் டோனி பிளேர் என்று இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் வந்ததால், ஏழு வருடம் நாட்டை நடத்தியவரைப் பற்றி நம் ஆட்களுக்கு அதிகம் தெரிவதில்லை. நான் அந்தக் கட்சியின் ஆதரவாளன் இல்லை. தெற்கு லண்டனில் சில வருடங்கள் குடியிருந்தபோது அந்தப் பகுதியின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தேன். அப்போது அவர் மேல் வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

கன்சர்வேட்டிவ் தலைவர் என்றதும் பெரிய பள்ளிக்கூடம், ஆக்ஸ்ஃபோர்டு, சொத்துள்ள குடும்பம் என்றுதான் நினைப்போம். மேஜர் பிறந்தது 1943இல். அப்பா டாம் இளமையில் சர்க்கஸ், மேடை நிகழ்ச்சிகள் என்று சுற்றியவர். மேஜர் பிறக்கும்போதே அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. தோட்டத்தில் வைக்கும் சின்னச் சின்னப் பொம்மைகள் செய்து விற்கும் தொழில் நடத்தினார். 1955இல் அந்தத் தொழில் நொடித்துப்போனது. இருந்த வீட்டை விற்றுவிட்டு, குடும்பம் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் கோல்ட்ஹார்பர் லேன் என்ற தெருவில் இரண்டு அறைக்கு வாடகைக்கு வந்தது. ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள், பொதுக் கழிப்பறை. ஜமைக்காவிலிருந்தும் மற்ற கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் பெருமளவில் குடியேறிக்கொண்டிருந்த பகுதி அது. மேஜரின் பதின்வயது முழுக்க இங்கேதான் கழிந்தது.

16 வயதில் மூன்றே மூன்று பாடங்களில் தேறிப் பள்ளியை விட்டார். பல்கலைக்கழகம் பக்கம் போகவே இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, பொம்மைத் தொழிலில் அண்ணனோடு உடலுழைப்பு, கொஞ்ச காலம் வேலையே இல்லாமல் அரசு உதவித்தொகை, அப்புறம் மின்சார வாரியம், அதன் பிறகு வங்கி. பஸ் கண்டக்டர் வேலைக்கும் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தை அவர் முதன்முதலில் பார்த்தது எப்படி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1956இல் பிரிக்ஸ்டனின் லேபர் கட்சி எம்.பி. மார்கஸ் லிப்டன் இந்தப் பையனுக்கு மக்களவைக்குள் போக அனுமதிச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். அன்று நிதியமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் பட்ஜெட் தாக்கல் செய்தார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த 13 வயதுப் பையனுக்கு அன்றே அரசியல் ஆசை வந்துவிட்டது. வழி காட்டியவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதை மேஜர் பின்னாளில் நன்றியோடு சொல்லிவந்தார்.

கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர் பிரிவில் சேர்ந்தார். பிரிக்ஸ்டன் மார்க்கெட்டில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசுவார். 1964இல், 21 வயதில், பிரிக்ஸ்டன் அடங்கிய லாம்பெத் கவுன்சில் தேர்தலில் நின்று தோற்றார். 1967இல் வங்கி வேலையாக நைஜீரியாவுக்குப் போனவர் அங்கே நடந்த கார் விபத்தில் செத்துப் பிழைத்தார். இடது கால் நொறுங்கிவிட்டது. கிரிக்கெட் பைத்தியமான அவரால் பிறகு ஆடவே முடியாமல் போயிற்று.

அடுத்த வருடம், 1968 மே மாதம், மறுபடியும் கவுன்சில் தேர்தல். பிரிக்ஸ்டனில் ஃபெர்ன்டேல் வார்டு. லேபரின் கோட்டை, ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகு ஹெரால்ட் வில்சனின் லேபர் அரசு மேல் மக்களுக்கு அவ்வளவு கோபம் இருந்தது. லண்டனின் 32 பரோக்களில், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகளில், 28ஐ கன்சர்வேட்டிவ் கட்சி அள்ளியது. அந்த அலையில் மேஜரும் கவுன்சிலரானார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 20 அன்று, அதே கட்சியின் ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பர்மிங்காமில் பேசிய பேச்சு நாட்டையே உலுக்கியிருந்தது. கட்சித் தொண்டர்களில் பலர் பவலின் பக்கம். மேஜருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பவல் பயமுறுத்திக் காட்டிய அந்த மக்கள் இவருக்குப் பக்கத்து அறைக்காரர்கள், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள். கட்சிக்குள் வளர நினைக்கும் 25 வயது இளைஞன் அந்த நேரத்தில் அப்படி நிற்பது சுலபமில்லை.

இனி வரும் மூன்று வருடங்கள்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். லாம்பெத்தின் பெரிய பிரச்சினை குடியிருப்பு. கவுன்சில் வாடகைக்குத் தரும் வீட்டுக்கு நீண்ட காத்திருப்போர் பட்டியல், இடிந்துவிழும் பழைய வீடுகள், ஒரே அறையில் நான்கைந்து பேர் உள்ள குடும்பங்கள், நினைத்தபோது குடித்தனக்காரரை வெளியே தள்ளும் வீட்டு உரிமையாளர்கள். மேஜர் வீட்டுவசதிக் குழுவில் சேர்ந்து, அதன் துணைத் தலைவராகி, 1970இல் தலைவரும் ஆனார். பகலில் வங்கி வேலை, மாலையிலும் இரவிலும் கவுன்சில் வேலை. கவுன்சிலருக்கு அப்போது சம்பளம் கிடையாது.

வீட்டுவசதித் துறையை நடத்திய அதிகாரி ஹாரி சிம்ப்சனிடம்தான் நிர்வாகம் கற்றுக்கொண்டதாக மேஜர் பிறகு சொல்லியிருக்கிறார். (சிம்ப்சனைப் பிறகு வட அயர்லாந்துக்கு அழைத்துக்கொண்டார்கள். மதச் சண்டைக்கு நடுவே, பாரபட்சம் இல்லாமல் வீடு ஒதுக்க உருவாக்கிய வாரியத்தை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.) மேஜர் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொதுக்கூட்டங்களில் உட்காரவைத்தார். குடியிருப்பவர்கள் நேருக்கு நேர் திட்டலாம், கேள்வி கேட்கலாம். வீட்டுப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்லும் மையம் ஒன்றும் திறக்கப்பட்டது. யாருக்கு எந்த வீடு, வாடகை எவ்வளவு, எந்தத் தெருவை இடிப்பது, இடித்தால் இருப்பவர்களை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றையும் முடிவெடுத்துவிட்டு, பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் சிலருக்கு இந்தப் படிப்பு கிடைப்பதில்லை.

1971இல் அலை திரும்பியது. லேபர் லாம்பெத்தைக் கைப்பற்றியது, மேஜர் தோற்றார். கவுன்சில் வாழ்க்கை மூன்றே வருடத்தில் முடிந்துவிட்டது.

சரி, அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு எப்படி? கன்சர்வேட்டிவ் கட்சியில் முதலில் தலைமை அலுவலகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வேட்பாளர் பட்டியலில் பெயர் வர வேண்டும். அதன் பிறகு தொகுதிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவெடுப்பது தொகுதியிலுள்ள கட்சி சங்கம். நேர்காணல் வைப்பார்கள், பேசச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், கடைசியில் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். புதியவருக்குப் பெரும்பாலும் தோற்கப்போகிற தொகுதிதான் முதலில் கிடைக்கும். அங்கே எப்படிப் போராடுகிறார் என்று பார்ப்பார்கள். மேஜருக்குக் கிடைத்தது வடக்கு லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நார்த், லேபரின் பலமான இடம். 1974இல் பிப்ரவரி, அக்டோபர் என்று இரண்டு பொதுத்தேர்தல் வந்தது. இரண்டிலும் நின்றார், இரண்டிலும் தோற்றார்.

அப்புறம் 1976இல் ஹண்டிங்டன்ஷயர். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வயல்களும் சிற்றூர்களும் நிறைந்த, கட்சிக்குப் பாதுகாப்பான தொகுதி. பழைய எம்.பி. டேவிட் ரென்டன் ஓய்வுபெறப் போகிறார் என்றதும் ஏகப்பட்ட பேர் விண்ணப்பித்தார்கள். படித்த, பணமுள்ள, பெரிய இடத்துத் தொடர்புள்ள போட்டியாளர்களுக்கு நடுவில் பிரிக்ஸ்டன்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனிலிருந்து வேலைக்கும் வீட்டுக்குமாகப் பலர் அந்தப் பக்கம் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம். அவர்களுக்கு இவர் தங்களில் ஒருவராகத் தெரிந்திருப்பார் என்று நினைக்கிறேன். 1979 மே மாதம் 21,000க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார்.

இதில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. உழைத்துக் கற்றுக்கொண்ட ஊரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊருக்குப் போனால்தான் அவரால் நாடாளுமன்றம் போக முடிந்தது. பிரிக்ஸ்டன் அவரை எம்.பி. ஆக்கியிருக்காது. பிரிட்டனில் இது சர்வசாதாரணம். வேட்பாளர் தொகுதிக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் இதனால் ஏழைப் பகுதிகளை நன்றாகத் தெரிந்த கன்சர்வேட்டிவ்கள் கடைசியில் வசதியான பகுதிகளின் பிரதிநிதியாகிவிடுகிறார்கள்.

நாடாளுமன்றத்தில் ஏற்றம் வேகமானது. 1983இல் கொறடா. 1985இல் ஒரு விருந்தில், அரசின் பொருளாதாரக் கொள்கை பற்றி எம்.பி.க்கள் என்ன குறைபடுகிறார்கள் என்பதைத் தாட்சரிடம் நேராகச் சொல்லிவிட்டார். அவர் கோபத்தில் வெடித்தார், மேஜரும் விட்டுக்கொடுக்கவில்லை. கதை முடிந்தது என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். சில மாதங்களுக்குள் அவரைச் சமூகப் பாதுகாப்புத் துறையில் இணை அமைச்சராக்கினார் தாட்சர். அங்கேதான் பழைய கவுன்சிலர் வெளியே வருகிறார். 1987 ஜனவரியில் கடும் குளிர் அடித்தபோது, ஏழை முதியவர்களுக்கு வீட்டைச் சூடாக்கத் தரும் உதவித்தொகைப் பிரச்சினை அவர் மேஜைக்கு வந்தது. விதிப்படி காத்திருக்காமல் பணம் கொடுக்கவைத்தார். அடுத்து நிதித் துறையில் ‘சீஃப் செகரட்டரி’ என்ற அமைச்சர் பதவி, 1989 ஜூலையில் வெளியுறவு அமைச்சர், மூன்றே மாதத்தில் நிதியமைச்சர், 1990 நவம்பர் 28 அன்று பிரதமர். வயது 47.

பிரதமரானதும் அவர் முன் நின்ற முதல் பெரிய சிக்கல் உள்ளாட்சி நிதி. மக்கள் ‘போல் டாக்ஸ்’ என்று அழைத்த தலைவரியைத் தாட்சர் கொண்டுவந்திருந்தார். மாளிகையில் இருக்கும் பிரபுவும் சின்ன வீட்டில் இருக்கும் தொழிலாளியும் ஒரே கவுன்சிலுக்கு ஒரே தொகை கட்ட வேண்டும். 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரமே நடந்தது. அந்த வரி சட்டமானபோது மேஜரும் அமைச்சரவையில்தான் இருந்தார், அந்தப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. ஆனால் எடுத்தெறிந்தவரும் அவரே. 1991 பட்ஜெட்டில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 17.5 சதவீதமாக்கி, அந்தப் பணத்தில் ஆளுக்கு 140 பவுண்டு தலைவரியைக் குறைத்தார்கள். 1993 ஏப்ரலில் வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் கவுன்சில் டாக்ஸ் வந்தது. தனியாக இருப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி. லண்டனில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த பில் இந்த வரிதான். இங்கிலாந்தில் இன்னும் 1991ஆம் வருட வீட்டு மதிப்பை வைத்தே அது கணக்கிடப்படுகிறது என்பது அதன் பெரிய குறை. யாரும் கை வைக்கத் துணியவில்லை.

1991இல் அறிவித்த குடிமக்கள் சாசனமும் எனக்கு லாம்பெத்தின் தொடர்ச்சியாகவே படுகிறது. மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம், ரயில் தாமதமானால் என்ன இழப்பீடு என்று அரசு சேவைகளுக்கு அளவுகோல் வைக்க முயன்றார். பத்திரிகைகள் கிண்டலடித்தன. அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று பழகியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1992 தேர்தலில் தோற்பார் என்றே கருத்துக்கணிப்புகள் சொல்லின. அவர் பிரிக்ஸ்டன் நாட்களைப் போல மரப்பெட்டி மேல் ஏறிக் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே பேசினார். கட்சிக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. பிரிட்டனில் ஒரு கட்சி ஒரு தேர்தலில் அதுவரை வாங்கியதில் அதுவே அதிகம்.

கவுன்சில் அனுபவம் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கவில்லை. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு சரிந்து, ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டிவைத்த நாணய மாற்று முறையிலிருந்து பிரிட்டன் வெளியேறியது. அதில் நாட்டைச் சேர்த்தவரே நிதியமைச்சராக இருந்த மேஜர்தான். ஐரோப்பா விவகாரத்தில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் அவரை வதைத்தார்கள். ரயில்வேயைத் துண்டு துண்டாக்கித் தனியாரிடம் கொடுத்தது தவறு என்பதே என் கருத்து. 1997இல் கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. ஆனால் வட அயர்லாந்தில் 1993 டிசம்பரில் அயர்லாந்துப் பிரதமர் ஆல்பர்ட் ரேனால்ட்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம்தான் பிறகு வந்த சமாதானத்துக்கு அடித்தளம். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. அவர் இல்லத்தின் மேல் குண்டு வீசியது, அப்படியிருந்தும் பேச்சுவார்த்தையைக் கைவிடவில்லை.

இந்த வழி இவரோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் பிரதமரான தெரேசா மே லண்டனின் மெர்ட்டன் கவுன்சிலில் 1986 முதல் 1994 வரை இருந்தார். ஜெயிக்க முடியாத இரண்டு தொகுதிகளில் தோற்று, 1997இல் மெய்டன்ஹெட்டில் ஜெயித்தார். மேஜரின் பாதை அச்சு மாறாமல். எரிக் பிக்கிள்ஸ் பிராட்ஃபோர்டு கவுன்சிலின் தலைவராக இருந்து 1992இல் எம்.பி. ஆகி, பின்னாளில் உள்ளாட்சித் துறை அமைச்சரும் ஆனார். இன்னொரு வழியும் இருக்கிறது. டேவிட் கேமரன் கல்லூரி முடித்ததும் கட்சியின் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மேஜர் பிரதமராக இருந்தபோது அவரை மக்களவைக் கேள்வி நேரத்துக்குத் தயார்செய்த இளைஞர்களில் அவரும் ஒருவர். கவுன்சிலராக ஒருநாளும் இருந்ததில்லை, 2001இல் எம்.பி., 2010இல் பிரதமர். இரண்டாவது வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கேமரன் ஆட்சியில் கவுன்சில்களுக்கான நிதியை வெட்டிய வேகத்தைப் பார்க்கும்போது, மேசையைச் சுற்றி இருந்தவர்களில் வீட்டுவசதிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.